குமாரவேலுக்கு ஏழாம் மாதம்

ஆமை கடித்தால் ஒரு எண். ஆமை வந்து மோதினால் வேறொரு எண். வியாதிகளுக்கெல்லாம் உலகம் முழுக்க ஒரே பெயர், ஒரே எண் என்று வைத்திருக்கிற பெரிய பட்டியலில் இவை இரண்டும் தனித்தனியாக இருந்தன. யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து, கடிப்பது வேறு, மோதுவது வேறு என்று யோசித்து எழுதியிருக்கிறார். ஆனால் வாயுப் பிடிப்புக்கு எண் கிடையாது. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் காலையில் கிளினிக் கதவைத் திறந்தால் பத்துப் பேரில் ஆறு பேருக்கு வாயுப் பிடிப்புதான். ஆமை மோதி என்று இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை.

இதை நினைத்து கனீஸ் பாத்திமாவுக்குத் தினமும் ஒரு தடவையாவது கோபம் வரும். கோபம் வருவது அவளுக்குப் பெரிய சிரமமான காரியமும் இல்லை.

தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்கிற பட்டறை ஒன்றின் மாடியில் அவளுடைய ஆபீஸ். கீழே நாள் முழுக்க பின் அடிக்கிற சத்தம், மேலே நாலு கம்ப்யூட்டர். அங்கே 'சின்ன டாக்டர்' என்று ஒரு மென்பொருள் தயாராகிக்கொண்டிருந்தது. நோயாளி சொல்வதைத் தட்டிவிட்டால், அவருடைய பழைய விவரங்களையும் சேர்த்துப் பார்த்து, இது இன்ன வியாதியாக இருக்கலாம் என்று டாக்டருக்குச் சொல்லும். முடிவு டாக்டருடையது. சின்ன டாக்டர் காதைக் கடிக்கிற வேலையை மட்டும்தான் செய்யும். ஆனால் அதற்கு மனுஷ பாஷை தெரியாது, எண்தான் தெரியும். நெஞ்சு கரிக்குது, நெஞ்சு எரியுது, மாருல காந்துது என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் மூன்றையும் ஒரே எண்ணில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கனீஸ் பாத்திமா. நாற்பத்துமூன்று வயது, கண்ணாடி, கைப்பையில் எப்போதும் இஞ்சி மிட்டாய்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் நாலு வருஷம் அவள் அண்ணன் பாவாவின் செருப்புக் கடையில் இருந்தாள். முன்னே ஒரு முக்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் காலில் செருப்பை மாட்டிப் பார்க்கிற வேலை. பாவா நல்ல மனுஷன்தான். ஆனால் தங்கை படித்த படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், "எந்தப் படிப்பு படிச்சா இன்னா, எல்லாரும் செருப்பு போட்டுத்தானே ஆவணும்" என்று முடித்துவிடுவார். இந்த ஆபீஸில் அவளுக்கு ஆறு மாதத்துக்குத்தான் வேலை. சின்ன டாக்டர் பரீட்சையில் தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் மறுபடியும் கடைதான். மறுபடியும் அந்த முக்காலிதான்.

ஆனாலும் அந்தக் கடைதான் அவளுக்கு ஒரு பெரிய உதவி செய்தது. முதல் மாதம் சின்ன டாக்டரை முத்தியால்பேட்டையில் டாக்டர் சிந்துஜாவின் கிளினிக்கில் வைத்துப் பார்த்தபோது, வந்தவர்களையெல்லாம் அது ஆரோக்கியமானவர்கள் என்று திருப்பி அனுப்பியது. காரணம், நம் ஆட்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சொல்கிற முதல் வார்த்தை, "ஒண்ணுமில்ல டாக்டர்." அப்புறம் வெயில், மகன் வேலை, மீன் விலை. உண்மையான வியாதி வெளியே வருவது எல்லாம் முடிந்து, வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைக்கும்போதுதான். "அப்பறம் டாக்டர், ரெண்டு மாசமா ரத்தமா போவுது, அது உஷ்ணம்தானே?"

செருப்பு மாட்டும்போதுதான் மனுஷன் உண்மையைப் பேசுவான் என்பது கனீஸுக்கு நாலு வருஷ அனுபவம். 'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தைக்கு எண்ணே கிடையாது என்று பட்டியலில் எழுதினாள். தன் மேஜையையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டுபோய் கிளினிக் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் போட்டாள். அன்றிலிருந்து சின்ன டாக்டருக்குக் கொஞ்சம் புத்தி வந்தது.

பரீட்சை சனிக்கிழமை என்று முடிவானது. ஏழெட்டு ஊர்களில் கிளைகள் வைத்திருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் டாக்டர் ஒருவரை அனுப்புவார்கள். அன்று வருகிற பத்து நோயாளிகளில் எட்டுப் பேருக்காவது டாக்டர் சிந்துஜா சொல்வதும் சின்ன டாக்டர் சொல்வதும் ஒத்துப்போனால் ஒப்பந்தம்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, முதலாளி வெற்றிச்செல்வன் தன் அறையிலிருந்து ஓடிவந்தான். முப்பத்தொரு வயது, பெங்களூரில் ஏழு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். கம்ப்யூட்டரில் அவனுக்குத் தெரியாதது இல்லை, மனுஷ உடம்பில் தெரிந்தது எதுவும் இல்லை.

"கனீஸ்க்கா, இங்க வாங்க. நாம ஒரு புது வியாதிய கண்டுபுடிச்சிட்டோம்."

திரையில் ஒரு பெயர் சிவப்பாக மின்னியது. குமாரவேல், ஆண், வயது ஐம்பத்தெட்டு, மீன்பிடித் தொழில், சோலை நகர். கிளினிக்குக்கு வருகிறவர்கள் கையோடு கொண்டுவருகிற பழைய நோட்டுகளையெல்லாம் உள்ளே ஏற்றி முடித்தபின் சின்ன டாக்டர் தானாகவே கண்டுபிடித்துச் சொன்ன, பாண்டிச்சேரியிலேயே மிக ஆபத்தான நிலையில் இருக்கிற நோயாளி இவர்தான். கனீஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். ஏழாம் மாதக் கர்ப்பம். பால்பல் முளைக்கும் காலத்துக் காய்ச்சல். மாதவிடாய் நிற்கிற வயதின் உஷ்ணம். இரண்டு முட்டியிலும் தேய்மானம். தட்டம்மை, மூன்று முறை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை பயத்தால் வயிற்றுப்போக்கு.

"சார், இது ஆம்பள."

"அதான்க்கா அபூர்வம். பாண்டிச்சேரி சிண்ட்ரோம்னு பேரு வெச்சிடலாம். சனிக்கிழமை காட்டுறதுக்கு ஒரு படம்கூட போட்டு வெச்சிட்டேன்."

"ஏழு மாசம் சார். ஆம்பளைக்கு."

வெற்றிச்செல்வன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் திரையைப் பார்த்தான். முகம் மெல்ல இறங்கியது. "அப்ப உங்க பட்டியல்லதான் தப்பு. எதையோ எதுக்கோ போட்டிருக்கீங்க. நாளைக்குள்ள கண்டுபுடிங்க."

தன் பட்டியலைத் தப்பு என்று சொன்னால் கனீஸால் தாங்க முடியாது. அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து குமாரவேலின் நாற்பத்துமூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நோயாளியின் அந்தரங்கம் என்று சொல்லி அவளுக்கு எப்போதும் பெயரில்லாமல், கலைத்துப் போட்ட தனித்தனி வரிகளாகத்தான் வரும். அதனால் இவற்றை ஒரே இடத்தில் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. 'ஏழாம் மாதம், கால் வீக்கம்' என்று டாக்டர் எழுதியிருக்கிறார், அவள் சரியான எண்ணைத்தான் போட்டிருக்கிறாள். 'பல் முளைக்கிறது, ஈறு அரிப்பு', அதுவும் சரி. நாற்பத்துமூன்றில் ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாம் சரியாக இருந்து, மொத்தத்தில் ஒரு மீனவர் மாசமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனாள். குமாரவேலின் மனைவி அஞ்சம்மாள் அங்கே மீன் விற்கிறாள் என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்தாள். இப்படிப் போய் விசாரிப்பது ஆபீஸ் சட்டப்படி குற்றம். கோபத்தில் இருந்ததால் சட்டம் ஞாபகம் வரவில்லை.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு எப்பிடி இருக்குது?"

"அவருக்கு இன்னா, கல்லாட்டம் இருக்காரு. கடலுக்குப் போயிருக்காரு," என்றாள் அஞ்சம்மாள், சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டே. "ஒம்போது வருசத்துக்கு முன்ன ஒரு காய்ச்சல் வந்திச்சி. அதோட சரி. ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கல."

"அவரு நோட்டுல நாப்பத்திமூணு வியாதி இருக்குதே."

அஞ்சம்மாள் கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். மீன் வெட்டுகிற கல்லுக்குப் பின்னாலிருந்து, மீன் வாடை ஏறாமல் இருக்க மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்தாள். சாமி படத்தை எடுக்கிற பக்குவம் அதில் இருந்தது. அட்டையில் 'குமாரவேல்' என்று பெரிதாக எழுதி, மஞ்சள் தடவியிருந்தது.

"இது ராசி நோட்டும்மா. அவருக்கு மொதல்ல காய்ச்சல் வந்தப்ப, பத்து நாளு படுக்கணும்னு டாக்டரம்மா இதுலதான் எழுதனாங்க. மூணாம் நாளு மனுசன் கடல்ல இருந்தாரு. அதுலேர்ந்து எங்க வீட்டுல யாருக்கு இன்னான்னாலும் இதுலதான் எழுதுறது. நாங் கருக்கல்ல மீனு எடுக்கப் போறப்ப கிளினிக்கு ஜன்னல்ல இதப் போட்டுட்டுப் போயிடுவேன், மொத டோக்கனு நமக்குத்தான். அப்பறம் தெருவுல கேட்டாங்க. எப்பிடி இல்லன்றது."

"தெருவுக்கே இதானா?"

"எம் மவ பாக்யலட்சுமிக்கு ஏழு மாசம். எனக்கு உஷ்ணம். முட்டி, பக்கத்து வூட்டு செல்வாம்பாளுக்கு. அவ பேரப்புள்ளைக்குத்தான் பல்லு மொளச்சிது. பரீட்சை பயம், எதிர் வூட்டு முத்துவேலு மவன். பாஸாயிட்டான், இதுல எழுதனதாலதான்."

கனீஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கினால் என்ன என்று கேட்டாள். அஞ்சம்மாள் அவளை இரக்கத்தோடு பார்த்தாள்.

"வாங்கலாம்மா. ராசிய எங்க வாங்குறது?"

அங்கேயே நின்று டாக்டர் சிந்துஜாவுக்குப் போன் போட்டாள். டாக்டர் கொஞ்சமும் அசரவில்லை. "எனக்குத் தெரியுமே. பாதிப் பேரு அப்பிடித்தான் வருவாங்க."

"ஏன் டாக்டர் சொல்லல?"

"யாரும் கேக்கலியேம்மா. எதிர்ல உக்காந்திருக்கறது புள்ளத்தாச்சியா மீனவரான்னு பாக்க எனக்குக் கண்ணு இருக்குது. உங்க சின்ன டாக்டரு அட்டைய மட்டும்தான் பாக்குது."

அடுத்த போன் வெற்றிச்செல்வனுக்கு. விஷயத்தைக் கேட்டதும் அவன் கெஞ்சினான். "நாளைக்கு ஒரே ஒரு நாளு வாயத் தொறக்காதீங்க. ஒப்பந்தம் வரட்டும், நோட்டுங்கள பொறுமையா பிரிச்சிக்கலாம். அந்தாளு ஒம்போது வருசமா கிளினிக் பக்கமே வரலன்றீங்க. நாளைக்கா வரப்போறாரு?"

அது நியாயம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அண்ணன் கடை முக்காலியும் கண்ணில் தெரிந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய் கசந்தது. இஞ்சி மிட்டாய் போட்டும் போகவில்லை.

சனிக்கிழமை வந்தவர் டாக்டர் ராஜவேல். பிரான்சில் படித்துவிட்டு வந்தவர், அறுபது தாண்டியவர், ஒவ்வொரு வாக்கியத்தையும் 'அலோர்', அதாவது பிரெஞ்சில் 'ஆக', என்று ஆரம்பித்துவிட்டுத்தான் மேலே போவார். டாக்டர் சிந்துஜா தன் முடிவை ஒரு சீட்டில் எழுதி மடித்து வைப்பார். சின்ன டாக்டர் தன் முடிவைத் திரையில் சொல்லும். ராஜவேல் சீட்டைப் பிரித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். கனீஸ் வாசலில் தன் மேஜையில் இருந்தாள். வெற்றிச்செல்வன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, யார் இருமினாலும் திடுக்கிட்டான்.

ஒன்பது நோயாளிகள் முடிந்தபோது ஏழு ஒத்துப்போயிருந்தது. கண்வலி ஒன்றைச் சின்ன டாக்டர் காதுவலி என்றது, அதற்கு யாரும் காரணம் சொல்ல முடியவில்லை. ஒரு தேமலில் இரண்டும் சண்டை போட்டன. மிச்சம் ஒரே ஒரு ஆள். அவர் ஒத்துப்போனால் எட்டு.

பத்தாவது டோக்கன் வாசலில் நிழலாக விழுந்தது. கடல் காற்றில் கறுத்த மேனி, மடித்துக் கட்டிய கைலி, கையில் ஒரு துணிப்பை. அவர் பையைக் கனீஸின் மேஜையில் கவிழ்த்தார். இரண்டு டஜன் கண்ணாடி வளையல்கள் உருண்டன.

"எம் பேரு குமாரவேலு. எனக்கு எந்த மாசமும் இல்லன்னு எழுதித் தரணும்."

சின்ன டாக்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மறுபரிசோதனை நாளைத் தானே கணக்குப் போட்டு நோயாளியின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். 'அன்புள்ள குமாரவேல், தங்கள் ஏழாம் மாதப் பரிசோதனை நெருங்கிவிட்டது. கனமான பொருள்களைத் தூக்க வேண்டாம்' என்று போன செய்தியைப் படகில் கூட வந்த ஒருத்தன் உரக்கப் படித்திருக்கிறான். அன்றிலிருந்து அவரை வலை இழுக்க விடவில்லை. மாங்காய் வாங்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமை கரை திரும்பியதும், மொத்தப் படகும் சேர்ந்து வளையல் போட வந்துவிட்டது.

"அலோர், உள்ளே வரச் சொல்லுங்கள்," என்றார் ராஜவேல், சிரிப்பை அடக்கிக்கொண்டு. வெற்றிச்செல்வன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

டாக்டர் சிந்துஜா குமாரவேலை உட்காரவைத்து, அவர் திட்டி முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டார். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். "ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்றார் அவர். ரத்த அழுத்தம் பார்த்தார், கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அவ்வளவு கோபத்தில் யாருக்கும் கூடும். சீட்டில் 'விசேஷம் ஒன்றுமில்லை' என்று எழுதி மடித்து ராஜவேலிடம் கொடுத்துவிட்டு, போனில் வந்த ஒரு அழைப்பை எடுத்துக்கொண்டு உள்அறைக்குப் போனார்.

குமாரவேல் வாசலுக்கு வந்தார். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார். கனீஸின் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே தயாராயின.

"இங்க ஒரு கரிப்பு," என்றார் அவர், மார்பைத் தடவிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "வலை இழுக்கறப்ப வரும். எடது கை மரத்துப் போவுது. வேர்த்து ஊத்தும். செத்த குந்துனா போயிடும். வாயுதான். இப்பகூட நடந்து வந்ததுல இருக்குது."

அவள் தட்டினாள். அவளுடைய பட்டியல் ஒழுங்காக வேலை செய்தது. எல்லாம் சரியான எண்ணில் போய் விழுந்தன. சின்ன டாக்டர் குமாரவேலின் நோட்டு முழுவதையும் ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, பச்சை எழுத்தில் பதில் சொன்னது. 'ஏழாம் மாதத்தில் நெஞ்செரிச்சல், கை மரத்தல், அதிக வியர்வை ஆகியவை இயல்பு. விசேஷம் ஒன்றுமில்லை. இடது பக்கம் திரும்பிப் படுக்கவும்.'

உள்ளே ராஜவேல் சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். சீட்டிலும் விசேஷம் ஒன்றுமில்லை, திரையிலும் விசேஷம் ஒன்றுமில்லை. எட்டு. ஒப்பந்தம். நிரந்தர வேலை. வெற்றிச்செல்வன் கண்ணை மூடி ஏதோ சாமியைக் கும்பிட்டான். குமாரவேல் இரண்டாவது செருப்பையும் மாட்டிவிட்டார். கனீஸ் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நேற்று அதற்குத்தான் சம்மதித்திருந்தாள்.

யோசித்துவிட்டுப் பேசுகிற பழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. "அண்ணே, செருப்பக் கழட்டுங்க," என்று போட்ட சத்தத்தில் வளையல்கள் அதிர்ந்தன. "உக்காருங்க. அசையக் கூடாது. டாக்டர், வெளிய வாங்க. சார், அந்தத் திரையில இருக்கறது பொய்யி. அது ஒரு ஆளு இல்ல, ஒரு தெரு."

"கனீஸ்க்கா," என்றான் வெற்றிச்செல்வன், அழுகிற குரலில்.

அவள் காதில் வாங்கவில்லை. புதிதாக ஒரு பக்கம் திறந்தாள். பழைய நோட்டு இல்லை, ராசி இல்லை, அஞ்சம்மாள் இல்லை, பேரப்பிள்ளை இல்லை. குமாரவேல், ஆண், ஐம்பத்தெட்டு. இப்போது சொன்ன நாலே நாலு விஷயம். தட்டி முடித்த கணத்தில் சின்ன டாக்டர் சிவந்து, கதறாத குறையாகக் கதறியது. இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், உடனே ஈசிஜி.

ஈசிஜி எடுத்த தாளைப் பார்த்ததும் டாக்டர் சிந்துஜாவின் முகம் மாறியது. ஒரு மாத்திரையைக் குமாரவேலின் கையில் கொடுத்துக் கடித்து மெல்லச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்து கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது, அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கனீஸைப் பார்த்துக் கேட்டார். "அப்ப மாசம் இல்லன்னு எழுதிட்டீங்க இல்ல?"

எல்லாம் அடங்கியபின் ராஜவேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அலோர். முதல் பதில்தான் கணக்கு. முதல் பதில் தப்பு, அந்த அம்மாவே சொல்லிவிட்டார். ஏழு." நோட்டுகளைப் பற்றி அவர் நிறையக் கேள்வி கேட்டார். கனீஸ் ஒன்றையும் மறைக்கவில்லை, இனி மறைக்க என்ன இருக்கிறது. அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். வெற்றிச்செல்வன் வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு வளையலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமையே பாவாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. முக்காலியைத் துடைத்து, புதுசாக ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தார். திட்டியிருந்தால்கூடக் கனீஸுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்த வாரம் முழுக்க அவள் கடையில் பலர் காலில் செருப்பை மாட்டினாள். செய்தது சரி என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆறாம் நாள் குமாரவேல் வீடு திரும்பினார். அடைப்பு நிஜமாகவே இருந்திருக்கிறது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கடலிலேயே போயிருப்பார் என்று கதிர்காமத்தில் சொல்லியிருக்கிறார்கள். கனீஸ் பார்க்கப் போனாள். கட்டிலில் உட்கார்ந்து அவர் உப்பில்லாத கஞ்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். தெருவே அங்கே இருந்தது. செத்துப் பிழைத்தவரின் நோட்டு என்பதால் அதன் மகிமை இப்போது தெருவைத் தாண்டி அடுத்த குப்பம்வரை போயிருந்தது. கேட்டு வந்தவர்களுக்கு அஞ்சம்மாள் நாள் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா வாடிப் போயிருக்க? உடம்புக்கு இன்னா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் கனீஸ்.

அப்புறம் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வஞ்சிரம் விலையைப் பற்றிப் பேசினார்கள். டீ குடித்தாகிவிட்டது. கனீஸ் எழுந்து வாசலுக்கு வந்து ஒரு காலைச் செருப்பில் நுழைத்தாள்.

"அப்பறம்க்கா, ஆறு நாளா தூக்கமே இல்ல."

சொன்னபிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் அஞ்சம்மாள் மூன்று கவரையும் உருவி, நோட்டைத் திறந்து, கடைசி வரியில் கோணல் எழுத்தில் 'தூக்கம் இல்ல' என்று எழுதி முடித்திருந்தாள். டாக்டர் எழுதாமல் இப்படி எழுதினால் பலிக்குமா என்று கனீஸ் கேட்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கடையில் அவள் ஒரு பெரியவரின் காலில் எட்டாம் நம்பரை மாட்டிக்கொண்டிருந்தபோது வெற்றிச்செல்வன் ஓடிவந்தான். டாக்டர் ராஜவேலிடமிருந்து கடிதம். சின்ன டாக்டர் தேறவில்லை, ஒப்பந்தம் இப்போதைக்கு இல்லை. ஆனால் அவர்களுடைய கிளைகள் எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட குடும்ப நோட்டுகள்தான் என்று விசாரித்ததில் தெரிந்திருக்கிறது. எந்த வியாதி யாருக்கு என்று ஒவ்வொரு வரியையும் ஆள்வாரியாகப் பிரிக்கிற வேலை முதலில் நடக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக, வாசலில் உட்கார்ந்து கத்திய அந்த அம்மாளைப் போட வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம்.

கனீஸ் பெரியவரின் காலைப் பிடித்துக்கொண்டே அழுதாள். பெரியவர் பதறிப்போய் செருப்பைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். பாவா முக்காலியிலிருந்து மெத்தையை எடுத்து, ஆபீஸ் நாற்காலிக்கு ஆகும் என்று அவள் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை அவள் அந்த மெத்தையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். சின்ன டாக்டரில் இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி வரும்: யாருக்கு? அவள் சேர்த்த கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. சொந்தக்காரர், பக்கத்து வீட்டார் என்று உறவுக்கெல்லாம் அந்தப் பெரிய பட்டியலில் ஏற்கெனவே எண் இருந்தது. ஆமையைப் பற்றி யோசித்த புண்ணியவான் இதையும் யோசித்திருக்கிறார். இத்தனை நாள் அதை அவள் கவனிக்கவில்லை.

முதலில் எடுத்தது குமாரவேலின் நோட்டு. அஞ்சம்மாள் நோட்டைத் தரமாட்டேன் என்று சொல்லி, படம் மட்டும் எடுத்துக்கொள்ள விட்டிருந்தாள். ஏழாம் மாதம், யாருக்கு? மகள் பாக்யலட்சுமிக்கு. முட்டி, யாருக்கு? செல்வாம்பாளுக்கு. மத்தியானத்துக்குள் ஒரு மீனவர் பன்னிரண்டு பேராகப் பிரிந்தார். கடைசியில் அவருக்கென்று மிஞ்சியது ஒரு காய்ச்சலும் ஒரு மார்வலியும்தான்.

அப்புறம் அந்தக் கோணல் எழுத்து வரி வந்தது. தூக்கம் இல்ல. யாருக்கு, என்று சின்ன டாக்டர் கேட்டது.

கனீஸ் சுற்றும் முற்றும் பார்த்தாள். வெற்றிச்செல்வன் போனில் இருந்தான். கீழே பின் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வரி எழுதிய மறுநாள் காலை பத்து மணிக்குக் கடிதம் வந்ததை அவள் நினைத்துப் பார்த்தாள். நிரந்தரம் ஆவதற்கு இன்னும் ஆறு மாதம் இருப்பதையும் நினைத்துப் பார்த்தாள்.

'குமாரவேலுக்கு' என்று தட்டிவிட்டு, ஒரு இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த நோட்டை எடுத்தாள்.